சூஜி பிஸ்கட்டில் சூஜி எங்கே?

சூஜி என்றால் ரவை. ஆனால் எங்கள் வீட்டுச் சூஜி பிஸ்கட்டில் ரவை கிடையாது. மைதா மாவு 250 கிராம், ஐசிங் சீனி 100 கிராம், நெய் 150 கிராம், சமையல் சோடா கால் தேக்கரண்டி. அவ்வளவுதான். மாவையும் சீனியையும் சோடாவையும் ஒன்றாகச் சலித்து, ஆறிய நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, 160 டிகிரி சூட்டில் 18 நிமிடம் வைத்து எடுத்தால், வாயில் போட்டதும் கரையும். இங்கும் மலேசியாவிலும் தீபாவளிப் பலகாரத் தட்டில் முறுக்குக்குப் பக்கத்தில் தவறாமல் இருக்கும் பிஸ்கட் இது. பல வீடுகளில் இதற்கு ரவை சேர்ப்பதே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“அப்ப, சூஜி எங்க போச்சு ஆன்ட்டி?” என்று ஒரு சனிக்கிழமை என் சமையலறையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். “நீயே கண்டுபிடித்து எழுதிக் கொண்டு வா” என்றேன்.

அடுத்த வாரம் இரண்டு பக்கம் எழுதி வந்தாள். டின்னுக்குள் மைதாவும் சூஜியும் ஒன்றாக இருந்தார்களாம். எல்லாரும் மைதாவையே “என்ன வெள்ளை!” என்று புகழ்ந்ததால் சூஜிக்குக் கோபம். பேருந்து பிடித்து எதிர் புளோக்குக்குப் போய் உப்புமா ஆகிவிட்டாள். காலையில் அந்த வீட்டுப் பிள்ளைகள் தட்டைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கும் உப்புமாவா?” என்று முகத்தைச் சுளித்தார்கள். சூஜிக்குத் திரும்பிவிட ஆசை. வந்து பார்த்தால் டின்னில் இடமில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: “ஆனால் பிஸ்கட் இன்னமும் அவள் பேரைச் சொல்லித்தான் பிழைக்கிறது.”

பேரைச் சொல்லிப் பிழைப்பது என்ற வழக்கு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாட்டி ஒரு சித்தப்பாவைப் பற்றி அடிக்கடி அப்படிச் சொல்வாராம்.

நான் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவள். மார்சிலிங்கில் வீவக வீடு. சமையலறைச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் ஜோகூர்க் கட்டடங்கள் தெரியும். என் மகளும் அவளுடைய தோழிகளும் பிஸ்கட் சுட ஆசைப்பட்டதில் தொடங்கியது இந்தச் சனிக்கிழமைப் பழக்கம். இப்போது எங்கள் புளோக்கிலிருந்தும் பக்கத்துப் புளோக்கிலிருந்தும் நான்கைந்து பிள்ளைகள் வருகிறார்கள். எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை. என் அடுப்பு சின்னது. ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் வைக்கலாம். ஒரு தட்டு வெந்து முடியும் வரை 18 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்த 18 நிமிடத்தில்தான் எழுதுகிறோம்.

முதலில் எழுதுவது கதையல்ல, செய்முறை. எழுதியவர் அடுத்த வாரம் வாயைத் திறக்கக் கூடாது. இன்னொரு பிள்ளை அந்தத் தாளைப் பார்த்து, அதில் உள்ளதை மட்டும் செய்ய வேண்டும். விதி இவ்வளவுதான்.

ஒரு பையன் “நெய் ஊற்றிப் பிசையவும்” என்று எழுதியிருந்தான். அதைப் பார்த்துச் செய்த பெண் நெய்யைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாள். மாவு எண்ணெய் கக்கியது. தட்டில் வைத்த உருண்டைகள் பரந்து ஒன்றோடொன்று ஒட்டி, அப்பளம் மாதிரி வந்தன. “ஆறின நெய்னு உனக்குத் தெரியாதா?” என்று எழுதியவன் கத்தினான். “நீ எழுதலையே!” என்றாள் அவள். நான் குறுக்கே பேசவில்லை. அந்த அப்பளப் பிஸ்கட்டையும் எல்லாரும் தின்று தீர்த்தார்கள். மறுவாரம் அவன் கொண்டு வந்த தாளில், “நெய்யை உருக்கி, விரலை விட்டால் சுடாத அளவுக்கு ஆற வைக்கவும்” என்று இருந்தது. அவனாக எழுதிய வாக்கியம் அது. யாரும் சொல்லித் தரவில்லை.

எழுத்து என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாக ஒரு பிள்ளைக்கு விளக்க எனக்குத் தெரிந்த வழி வேறு இல்லை. நம் தலைக்குள் இருப்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. தாளில் இருப்பது மட்டுமே தெரியும். பள்ளிக் கட்டுரையில் இந்த அனுபவம் கிடைப்பது கடினம். அங்கே படிப்பவர் ஆசிரியர் ஒருவர்தான். அவருக்குத் தலைப்பு முன்பே தெரியும், படங்களும் தெரியும், முடிவும் தெரியும். அவர் படிப்பது கதைக்காக அல்ல, மதிப்பெண்ணுக்காக. ஒரு வகுப்புக் கட்டுரைகளைத் திருத்த வேண்டிய அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளும் அதற்கேற்ப மனப்பாடத் தொடர்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். கதிரவன் எப்போதும் பொற்கதிர்களைப் பரப்புகிறான். விபத்து எப்போதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிறது. தேர்வுக்கு அது உதவட்டும். ஆனால் நெய் ஆறிவிட்டதா என்று அந்தத் தொடர்களைக் கொண்டு சொல்ல முடியாது.

சமையலறையின் இன்னொரு வரவு வினைச்சொற்கள். வந்த புதிதில் பிள்ளைகளிடம் இருந்தவை இரண்டுதான்: ‘போடு’, ‘பண்ணு’. மிக்ஸ் பண்ணு, ரோல் பண்ணு, பேக் பண்ணு. இப்போது சலி, புடை, பிசை, துழாவு, கிளறு, கடை, உருட்டு, தட்டு எல்லாம் வருகின்றன. வேறுபாடு கைக்குத் தெரிந்துவிட்டால் சொல் தானாக ஒட்டிக்கொள்கிறது. மாவைப் பிசைவதும் மாவைக் கரைப்பதும் ஒன்றல்ல என்று பிசைந்த கைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

‘பேக்’ பண்ணுவதற்குத் தமிழில் என்ன என்று ஒருநாள் பெரிய வாக்குவாதம். வேகவைப்பது என்றால் இட்டிலி நினைவுக்கு வருகிறது என்றான் ஒருவன். வாட்டுவது என்றால் அப்பளம். ‘அடுதல்’ என்று ஒரு பழைய சொல் இருக்கிறது, சமைப்பது என்று பொருள், அதிலிருந்துதான் அடுப்பு வந்தது, ரொட்டிக் கடையை அடுமனை என்று எழுதுவதும் அதனால்தான் என்றேன். கண்கள் விரிந்தன. ஆனால் வாக்கெடுப்பில் ‘சுடு’ வென்றது. தோசை சுடுகிறோம், முறுக்கு சுடுகிறோம், பிஸ்கட்டையும் சுடுவோம் என்று முடிவானது. அப்போது கடைக்குட்டி ஒருவன், “பாட்டி வடை சுட்டாங்க. காக்கா அந்த வடையைச் சுட்டுச்சு!” என்றான். வீடே சிரித்தது. ஒரு சொல்லை வைத்து விளையாடத் தெரிந்துவிட்ட பிள்ளை அந்த மொழியில் விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் இந்நாட்டுவாசிகளில் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. இந்த எண்களுக்கு முகம் உண்டு. பாட்டி தமிழில் கேட்கிறார்; பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். இருவருக்கும் புரிகிறது, பேச்சும் ஓடுகிறது. ஆனால் அந்தப் பேச்சு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டி நீள்வதில்லை. பாட்டியிடம் இருக்கும் பெரிய விஷயங்கள் அந்தச் சிறிய பேச்சுக்குள் அடங்குவதில்லை.

எங்கள் குடும்பத்தில் அடங்காமல் போனது ஒரு கேக். என் அப்பத்தா செம்பவாங்கில் இருந்தவர். தாத்தாவுக்குக் கடற்படைத் தளத்தில் வேலை. பக்கத்தில் குடியிருந்த யுரேசியப் பெண்மணியிடம் அப்பத்தா சூஜி கேக் கற்றுக்கொண்டார். இந்தக் கேக்கில் ரவை உண்டு. பாதாம், வெண்ணெய், முட்டை எல்லாம் சேர்ந்தது. யுரேசியர் வீட்டு விசேஷங்களில் முக்கிய இடம் பிடிப்பது. மின்சார அடுப்பு இல்லாத வீட்டில் தகரப் பெட்டிக்கு அடியில் கரி, மூடியின் மேலும் கரி போட்டு அப்பத்தா அதைச் சுடுவாராம். அவருக்கு எழுதத் தெரியாது. அளவெல்லாம் கையிலும் கண்ணிலும் இருந்தது. அவர் போனபோது அதுவும் போய்விட்டது.

அம்மாவுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று: “ரவையை ராத்திரி முழுக்க வெண்ணெயில ஊறப் போடுவாங்க.” அதை வைத்துக்கொண்டு நான் பல தடவை செய்து பார்த்து ஓர் அளவுக்கு வந்தேன். வெண்ணெய் 250 கிராமைக் குழைத்து, 200 கிராம் ரவையைக் கலந்து இரவு முழுவதும் மூடி வைக்க வேண்டும். மறுநாள் ஆறு மஞ்சள் கருவை 180 கிராம் சீனியோடு நுரைக்க அடித்து அதில் சேர்க்க வேண்டும். 100 கிராம் மைதா, 100 கிராம் பாதாம் பொடி, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். நான்கு வெள்ளைக் கருவைத் தனியே அடித்துக் கடைசியில் மெதுவாகப் புரட்டிவிட வேண்டும். பிராந்திக்குப் பதில் எங்கள் வீட்டில் வெனிலாவும் ஒரு சொட்டுப் பன்னீரும். 170 டிகிரியில் ஏறக்குறைய 50 நிமிடம். ஊறிய ரவை பல்லில் நறநறக்காது. துண்டு போட்டால் உதிரும், உடையாது.

அம்மா ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். “நல்லா இருக்கு. ஆனா அது இல்ல” என்றார்.

அந்த இரண்டு சொற்களும் இன்றும் என்னோடு இருக்கின்றன. அதனால்தான் பிள்ளைகளிடம் இரண்டாவது பாடமாக ஒன்றைச் சொல்கிறேன்: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவருடைய பலகாரம் ஒன்றை எழுதி வாருங்கள். அவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

ஒரு பத்து வயதுப் பையனின் அம்மம்மா ஜோகூர் பாருவில் இருக்கிறார். தமிழ் மட்டும் படிப்பார். அவன் தொலைபேசியில் நெய்யுருண்டைக்கு அளவு கேட்டான். “பால் டின்னால ரெண்டு” என்றார். எந்த டின், எவ்வளவு உயரம் என்று கேட்டான். அந்தக் காலத்தில் கெட்டிப்பால் டின்தான் எல்லா வீட்டிலும் அளவுகோல் என்று ஆரம்பித்து, டின்னில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிக் கோப்பி வாங்கி வந்தது, கோப்பி சிந்தியதற்குத் தம் அண்ணனிடம் குட்டு வாங்கியது என்று எங்கெங்கோ போய்விட்டார். நாற்பது நிமிடம் பேசினார்களாம். அவன் அம்மா என்னிடம் சொன்னார்: “இவ்வளவு நேரம் அவன் எங்கம்மாகிட்டத் தமிழ்ல பேசி நான் பார்த்ததே இல்ல.” அவன் எழுதிய தாளில் நெய்யுருண்டை ஐந்து வரி. கோப்பி டின் ஒன்றரைப் பக்கம். அதுதான் அவனுடைய முதல் கதை. பாலத்தைத் தாண்டிப் போய் அம்மம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தான். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னாராம்: குட்டு ஒன்றல்ல, இரண்டு.

கேள்வி கேட்கத் தொடங்கிய பிள்ளை சமையலறையோடு நிற்பதில்லை. மார்சிலிங் என்றால் என்ன அர்த்தம் என்று ஒருத்தி கேட்டாள். ரப்பர், அன்னாசித் தொழில்களில் பெரும்புள்ளியாக இருந்த லிம் நீ சூன் (1879-1936) இங்கே வைத்திருந்த ரப்பர்த் தோட்டத்துக்குச் சீனாவில் உள்ள தம் பூர்வீகக் கிராமத்தின் பெயரைச் சூட்டினார். தோட்டம் போய் வீடுகள் வந்தன. 1996இல் எம்ஆர்டி நிலையமும் வந்தது. பெயர் மட்டும் நின்றது. “அதுவும் சூஜி மாதிரியா?” என்றாள். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? அன்று அன்னாசி டார்ட் செய்தோம்.

சிறுவர் எழுத்தை வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, 1950களில் மாணவர் மணிமன்றம் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தது. இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்கள் பலர் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியவர்கள். தமிழ்நாட்டில் வங்கி வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டெழுதிய அழ. வள்ளியப்பா (1922-1989), 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிப் புதியவர்களைக் கைதூக்கி விட்டார். இரண்டிலும் ஒரே சூத்திரம்தான்: நீ எழுது, படிக்க ஆள் இருக்கிறது.

அந்த ஆள் ஒருவராக இருந்தாலே போதும். இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்ற பெண்மணி 1893இல், நோயுற்றுப் படுத்திருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், நான்கு முயல்குட்டிகளைப் பற்றிப் படம் போட்டுக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம்தான் பின்னர் 1902இல் பீட்டர் முயலின் கதையாகப் புத்தகக் கடைகளுக்கு வந்து உலகெங்கும் போனது. எழுதியபோது உலகம் அவர் கண்ணில் இல்லை. படுக்கையில் இருந்த ஒரு பிள்ளைதான் இருந்தான்.

எழுத ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு என் சமையலறையிலிருந்து சொல்ல மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, யாருக்கு எழுதுகிறீர்கள் என்று தாளின் மேல் அவர் பெயரைப் போடுங்கள். ‘வாசகர்’ வேண்டாம், ‘அம்மம்மா’, ‘மாமா’, ‘பக்கத்து வீட்டு லீலா’ என்று ஒரு பெயர். இரண்டாவது, எழுதியதை ஓர் இரவு ஊற விடுங்கள். ரவையைப் போலத்தான், அவசரப்பட்டால் பல்லில் நறநறக்கும். மறுநாள் காலையில் சத்தம் போட்டு வாசித்தால் எங்கே கடிபடுகிறது என்று உங்களுக்கே கேட்கும். மூன்றாவது, தெரியாத சொல் வந்தால் நின்றுவிடாதீர்கள். ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டு, அடியில் கோடு கிழித்துவிட்டு மேலே போங்கள். கதை முடிந்ததும் கோடு போட்ட சொற்களை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் போகலாம்.

எழுதியது நன்றாக வந்தால் அனுப்ப இடங்களும் இருக்கின்றன. நாளிதழின் மாணவர் பக்கங்கள் உண்டு. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் மாதாந்திரக் கதைக்களத்தில் மாணவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஊட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்களும் இருக்கின்றன. நல்ல கதையை எழுத நல்ல கதைகளைப் படிக்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை எழுதிய தாளை நீட்டும்போது சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். ‘ழ’கரமும் ‘ள’கரமும் எங்கும் ஓடிவிடாது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கதையைப் படித்து, கதையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அது செய்முறையாக இருந்தால் இன்னும் எளிது. அதில் உள்ளபடி செய்து பாருங்கள். ஓர் எழுத்தாளருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

தீபாவளி வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே வீட்டுப் பெரியவரை அடுப்படியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பிள்ளையின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். அவர் “கண்ணளவுதான்” என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள். நோட்டில் நெய் படட்டும்.